போகாதே என்பதும் போக வேண்டாமே என்பதும்

"ஊர்ல யாராவது போகாதன்னு சொன்னா, கண்டிப்பாப் போகணும்னு சொல்ற ஆளு நீங்க. இங்க மட்டும் ஏன் சித்தி நின்னுட்டீங்க?"

கேட்டவள் என் தோழியின் மகள். பத்தொன்பது வயது. கேட்ட இடம் தென் ஆஸ்திரேலியாவில், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் ஒரு கணவாய். அடிலெய்டு நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 430 கிலோமீட்டர். எங்களுக்கு மேலே ஒரு சிகரம் இருந்தது. அதற்குப் பாதையும் இருந்தது. தடுக்க யாரும் இல்லை. இதற்கு மேல் நான் ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இந்தக் கட்டுரையில் அதைச் சரியாகச் சொல்ல முயல்கிறேன்.

நாங்கள் மூன்று பெண்கள் போயிருந்தோம். நான், பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மதுரைக்காரத் தோழி, அவள் மகள். ஒரு கார், இரண்டு கூடாரங்கள், நான்கு இரவுகள். மாதம் ஏப்ரல். நமக்குச் சித்திரை வெயில் கொளுத்தும்போது அவர்களுக்கு இலையுதிர் காலம்.

இலையுதிர் காலம் என்பது நமக்குப் புத்தகத்தில் வந்த சொல். கார், கூதிர் என்று தொடங்கும் நம் ஆறு பெரும்பொழுதுகளில் இலைக்கென்று ஒரு பொழுது இல்லை. ஃபிளிண்டர்ஸ் போன பிறகு தெரிந்தது, அங்கேயும் அந்தச் சொல் வெளியிலிருந்து வந்ததுதான் என்று. அங்குள்ள மரங்கள் இலையை உதிர்ப்பதில்லை. ஆற்றுப்படுகைகளில் வரிசையாக நிற்கும் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரங்கள், நம் ஊர்த் தைல மரத்தின் இனம், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன. அவை பட்டையை உரிக்கின்றன. கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் நிலத்தில் பகல் வெயில் தணிந்து, இரவில் போர்வை தேவைப்படத் தொடங்கினால் அதுதான் அங்கே இலையுதிர் காலம். நடப்பவர்கள் வரத் தொடங்குவதும் அப்போதுதான்.

வரைபடத்தில் நீலக்கோடு போட்டிருந்த இடமெல்லாம் மணலும் கூழாங்கல்லும்தான். ஆண்டின் பெரும்பகுதி அந்த ஓடைகளில் நீர் கிடையாது. மரங்கள் மட்டும் தடித்து வளர்ந்திருக்கின்றன, வேர் கீழே எங்கோ நீரைத் தொட்டிருப்பதால். "நம்ம வைகை மாதிரியே இருக்குல்ல?" என்றாள் தோழி. இருபது வருடமாக அடிலெய்டில் இருக்கிறாள். வறண்ட ஆற்றைப் பார்த்ததும் ஊர் வந்துவிடுகிறது.

முதல் நாள் மாலை, கூடாரம் போடச் சரியான இடம் என்று மகள் தேர்ந்தெடுத்தது ஓடையின் நடுவே இருந்த மணல்திட்டு. சமமான தரை, மெத்தை போன்ற மணல், மேலே மரநிழல். தோழி ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். எங்கோ மலையின் அந்தப் பக்கம் பெய்த மழை நள்ளிரவில் படுகையில் வந்து இறங்கும். மரநிழலும் ஆகாது. ரெட் கம் மரம் காற்றே இல்லாத நாளிலும் கிளையை முறித்துப் போடும். அங்கே முகாம் போடுகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் பாடங்கள் இவை. மறுநாள் பார்த்த பழைய வீடு ஒன்று அதற்குச் சாட்சி. ஹில் என்ற குடும்பம் மலைகள் சூழ்ந்த அந்தக் கிண்ணத்துக்குள் கோதுமை பயிரிட்டிருக்கிறது. உள்ளே போக ஓடை வழியே பாடுபட்டு ஒரு சாலை போட்டார்கள். 1914-இல் வந்த வெள்ளம் சாலையை அடித்துக்கொண்டு போனது. அவர்கள் அந்த இடத்தையே விட்டுப் போனார்கள். வறண்ட ஆறும் ஆறுதான்.

ஆக, அந்தப் பயணத்தில் நான் கேட்ட முதல் "போகாதே" ஆற்றுப்படுகைக்குள் போகாதே என்பது. அதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. வெள்ளம் ஆளைப் பார்த்து வருவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும், வெள்ளைக்காரருக்கும் எனக்கும் அது ஒன்றே. கரையேறிக் கூடாரம் போட்டோம்.

அந்த இரவு இரண்டு மணிக்குக் கையில் டார்ச்சோடு தனியாக வெளியே போனேன். சிறுநீர் கழிக்கத்தான். போய்விட்டுத் திரும்பும்போது டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன். நாற்பது வயதைத் தாண்டிய எனக்கு, திறந்தவெளியில், இரவில், தனியாக, அவசரமில்லாமல் நின்றது அதுவே முதல்முறை. நம் ஊரில் பெண்களுக்கு இருட்டு என்பது விடிவதற்குள் ஒதுங்கிவிட்டு ஓடி வரவேண்டிய நேரம். எவ்வளவு வானத்தை நமக்கு இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள் என்று அன்று கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இளங்கலை மூன்றாம் ஆண்டில் வகுப்பே கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனது. அப்பா போகக்கூடாது என்றார். காரணம் கேட்டேன். "நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். அதே வருடம் என் தம்பி நண்பர்களோடு அதே கொடைக்கானலுக்குப் போய் வந்தான். அந்த நாலு பேர் அவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பிறகு நான் ஆசிரியரானேன். பாலைத் திணை நடத்தும்போதெல்லாம் மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். இந்தப் பாலை வழியில் பொருள் தேடித் தலைவன் போகிறான். உடன்போக்கில் தலைவி அவனோடு போகிறாள். மகளைத் தேடிச் செவிலி போகிறாள். தனக்காக, தனியாக நடந்த தலைவி ஒருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம். தேடிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார்கள். அப்படியானால் நீங்கள் போங்கள் என்பேன். யாராவது போகாதே என்றால், உங்களுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள் என்பேன். தோழியின் மகளிடமும் சிறு வயதிலிருந்து தொலைபேசியில் இதையே சொல்லியிருக்கிறேன். அவள் என்னை மடக்கியதில் நியாயம் இருந்தது.

இனி அந்தச் சிகரத்துக்கு வருகிறேன். ஆங்கிலப் பெயர் செயின்ட் மேரி சிகரம். மலைத்தொடரிலேயே உயரமானது, 1,100 மீட்டருக்கு மேல். அந்த நிலத்தின் மக்கள் அட்ஞமத்தனா. அவர்கள் மொழியில் சிகரத்தின் பெயர் ஙர்ரி முட்லனா. சொல்லின் முதலில் ங வருவதை, ஆத்திசூடியின் ஓரடியைத் தவிர, நம் மாணவர்கள் வேறெங்கும் பார்த்திருக்கமாட்டார்கள். நாம் அரிச்சுவடியில் மட்டும் பாதுகாத்து வைத்திருக்கும் எழுத்து அவர்கள் மலையின் பெயரில் முன்னால் நிற்கிறது. அந்தப் பெயரை நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

மலைச்சுவர்கள் வட்டமாகச் சூழ்ந்த கிண்ணத்தை ஆங்கிலத்தில் வில்பீனா பவுண்ட் என்கிறார்கள். அட்ஞமத்தனா மக்களுக்கு அது இக்கரா, கூடுமிடம். அங்கே சடங்குக்காகக் கூடியவர்களை அகுர்ரா என்ற இரு பெரும் பாம்புகள் வந்து விழுங்கியதாகவும், அவற்றின் உடல்களே இந்த மலைச்சுவர்கள் ஆனதாகவும், அவற்றுள் ஒன்றின் தலையே இந்தச் சிகரம் என்றும் வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். அதனால் சிகரத்தின் உச்சிக்கு ஏறவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். தாண்டெர்ரா கணவாய் வரை வாருங்கள், அங்கிருந்தே எல்லாம் தெரியும், அதற்கு மேல் வேண்டாமே என்கிறார்கள். சட்டம் கிடையாது. அபராதம் கிடையாது. வேலி கிடையாது. வேண்டுகோள் மட்டும்தான்.

1850-களில் ஆடு மேய்க்க வந்த வெள்ளையர் பண்ணை அமைத்து எடுத்துக்கொண்ட நிலம் இது. இந்த நிலத்தின் மீது அட்ஞமத்தனா மக்களுக்கு உள்ள மரபுரிமையை நீதிமன்றம் ஏற்றது 2009-இல். தேசியப் பூங்காவின் பெயரில் இக்கரா என்ற சொல் சேர்ந்தது 2016-இல். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கேட்பாரில்லாமல் இருந்தவர்கள், இப்போது வருகிற எல்லோரிடமும் ஒரே ஒரு உச்சியை விட்டுவைக்கும்படி கேட்கிறார்கள்.

மூன்று மணி நேரம் நடந்து, கடைசியில் கையூன்றிப் பாறைகளில் தவழ்ந்து கணவாய்க்கு வந்தோம். தோழிக்கு முழங்கால் வலி. பாதி வழியில் ஒரு நிழலில் தங்கிவிட்டாள். இரண்டு பேர் எங்களைக் கடந்து உச்சிப் பாதையில் ஏறிப்போனார்கள். மகளும் கிளம்பினாள். நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"இது அவங்க எடம்மா. வேண்டாம்னு கேக்குறாங்க" என்றேன்.

"நம்ம ஊர்லயும் கோயில்காரங்க அதத்தான சொல்றாங்க? இது சாமி எடம், நீ வராதன்னு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது சரி. சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

தமிழ் படித்தவளுக்கு இப்படி நேரும்போது மனம் இலக்கணத்துக்குத்தான் ஓடும். நம் மொழியில் ஏவல் உண்டு, வியங்கோள் உண்டு. ஏவல் முன்னால் நிற்பவரைப் பார்த்துச் சொல்வது. வியங்கோள் வாழ்த்தவும் வரும், வையவும் வரும், விதிக்கவும் வரும், வேண்டவும் வரும். வடிவம் ஒன்றுதான். "செல்லற்க" என்று எழுதி வைத்திருந்தால் அது அரசாணையா, கெஞ்சலா என்பதை அந்தச் சொல்லிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று தெரிய வேண்டும். தொல்காப்பியர் இதை அறிந்தவர். ஒன்றைக் கேட்டுப் பெறும்போது தாழ்ந்தவர் "ஈ" என்பார், நிகரானவர் "தா" என்பார், உயர்ந்தவர் "கொடு" என்பார் என்று கேட்பவரின் நிலைக்கேற்பச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். அந்த ஏற்றத்தாழ்வை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் கேட்கிற ஒவ்வொரு சொல்லிலும் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது என்ற உண்மை அதில் இருக்கிறது.

என் அப்பா போகக்கூடாது என்றபோது, என்னைத் தடுக்கும் வலு அவரிடம் இருந்தது. பணம் அவரிடம். கையெழுத்து அவரிடம். மீறினால் படிப்பு நிற்கும். அட்ஞமத்தனா மக்கள் வேண்டாம் என்றபோது, என்னைத் தடுக்கும் வலு எதுவும் அவர்களிடம் இல்லை. நான் ஏறினால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஏறாவிட்டால் நான் இழப்பது ஒரு காட்சி, சில புகைப்படங்கள். முதலாவது, என் சுதந்திரத்தைப் பறித்தது. இரண்டாவது, என் சுதந்திரம் முழுவதையும் என் கையில் கொடுத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டது.

இதை ஒரு சூத்திரமாக்கி, மேலிருந்து வரும் "போகாதே"யை மீறு, கீழிருந்து வரும் "வேண்டாமே"யைக் கேள் என்று முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை. மேலும் கீழும் நிலையான இடங்கள் இல்லை. என் அப்பா பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். வீட்டுக்குள் வந்தால் அவர் வைத்ததே சட்டம். வெளியே ஒடுக்கப்பட்டவரின் சொல் வீட்டுக்குள் ஒடுக்கும் சொல்லாக இருக்க முடியும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சிக்கலான வழக்கு இருக்கிறது. பொதிகையில், கேரளப் பகுதியில், அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் முனிவரின் மலை. ஆண்டுதோறும் வனத்துறை அனுமதியோடு மக்கள் ஏறுவார்கள். பெண்களுக்கு நெடுங்காலம் அனுமதி இல்லை. பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாலின அடிப்படையில் தடுக்கக்கூடாது என்றது. 2019 ஜனவரியில் தான்யா சனல் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி ஏறினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று வகுப்பில் இனிப்பு கொடுத்தேன். ஆனால் அந்த மலையைத் தங்கள் தெய்வத்தின் இடமாக வழிபடும் காணிப் பழங்குடி மக்கள் அடிவாரத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதில் காணிப் பெண்களும் இருந்தார்கள். அதை அன்று நான் வகுப்பில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இனிப்பின் சுவை குறைந்திருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

இன்று அதை எப்படிப் பார்க்கிறேன்? அங்கே ஆண்கள் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தார்கள். புனிதம் காக்கும் செலவு முழுவதையும் பெண்களின் உடல் மட்டும் சுமக்கவேண்டும் என்றது அந்தத் தடை. அதை அமல்படுத்தியது காணி மக்களின் வலு அன்று, அரசின் வலு. அப்படிப்பட்ட தடை நீங்கத்தான் வேண்டும்; நீங்கியது சரி. ஙர்ரி முட்லனாவின் வேண்டுகோளில் ஆண், பெண் இல்லை. வருகிற எல்லோரிடமும் ஒன்றையே கேட்கிறது. தோழியின் மகளுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய முதல் பதில் இது. ஆனால் பதில் இதோடு முடியவில்லை. தடை நீங்கிய பிறகு, காணி மக்கள் சொன்னதை ஒரு வேண்டுகோளாகக் கேட்க நமக்கு நேரம் வந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து கேட்டிருக்கலாம்: எங்கள் யாருடைய கால் எதுவரை வரலாம்? நாங்கள் கேட்கவில்லை. வென்றதோடு நின்றுவிட்டோம்.

அவளிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. "காரணம் சரியாப் புரிஞ்சா நிப்பேன் சித்தி. பாம்புக் கதைக்காக எப்படி நிக்கிறது?"

காரணம் கேள் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நாம்தான். ஆனால் காரணம் கேட்பதற்கும் ஒரு மேட்டிமை உண்டு என்பதை அந்தப் பயணத்துக்கு முந்தின வாரம் பார்த்திருந்தேன். அடிலெய்டுக்குத் தெற்கே, மர்ரே ஆறு கடலில் சேரும் இடத்தில், ஹிண்ட்மார்ஷ் என்ற தீவு. அம்மக்களின் மொழியில் குமரங்க். அங்கே பாலம் கட்ட முனைந்தபோது, ஙரிஞ்சேரி இனப் பெண்கள் சிலர் வேண்டாம் என்றார்கள். அந்த நீரும் நிலமும் பெண்களுக்கு மட்டுமே உரிய அறிவோடு தொடர்புடையவை என்றார்கள். என்ன அறிவு என்று கேட்டால், அதைப் பெண்களுக்கு மட்டுமே சொல்லமுடியும். பெண்கள் மட்டுமே படிக்கவேண்டும் என்று குறித்து, உறையிலிட்டு அரசுக்குக் கொடுத்தார்கள். 1994-இல் மத்திய அமைச்சர் பாலத்துக்குத் தடை விதித்தார். அந்த ரகசிய ஆவணங்கள் தவறுதலாக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பெரும் சர்ச்சையானது; அவர் தம் கட்சிப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. ஙரிஞ்சேரிப் பெண்களிலேயே வேறு சிலர், அப்படி எதையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். 1995-இல் மாநில அரசின் விசாரணை ஆணையம், இது இட்டுக்கட்டியது என்று சொல்லிவிட்டது. 2001-இல் பாலம் திறந்தார்கள். அதே ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வேறொரு வழக்கில், இட்டுக்கட்டியது என்று தான் நம்பவில்லை என்றார் நீதிபதி. பாலம் நின்றது. நாங்கள் அதன் மேல் காரில் போனோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சொல்ல முடியாத ஒன்றைக் காப்பதற்காக, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அந்தப் பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். சொன்னால் அது காக்கப்பட்டதாகாது. சொல்லாவிட்டால் பொய்க்காரிகள். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எத்தனை பெண்கள் இதே இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னவள் ஏன் வேண்டாம் என்பதைக் கேட்பவரின் மனம் நிறையும்வரை நிரூபிக்கவேண்டும் என்றால், அவள் வேண்டாம் என்பதற்கு மதிப்பே இல்லை. நம் உடல் பற்றி இதை நாம் உரத்துச் சொல்கிறோம். ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிறரின் நிலம் என்று வந்தால், விளக்கம் கேட்கிறோம்.

இதுவரை எழுதியதையெல்லாம் அந்தக் கணவாயில் உட்கார்ந்திருந்தபோது நான் கோவையாக யோசிக்கவில்லை. உண்மையில் நான் யோசித்துக்கொண்டிருந்தது என் அம்மாவைப் பற்றி.

என் இரண்டாவது கவிதைத் தொகுப்பில் அம்மாவின் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. அதை அவள் எனக்குச் சொன்னது ஒரு மழை நாளில், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. சொல்லி முடித்துவிட்டு, "அதெல்லாம் எழுதிராத கண்ணு" என்றாள். எழுதினேன். அப்போது எனக்கு அது ஏற்கெனவே கேட்டுப் பழகிய "போகாதே"யின் இன்னொரு வடிவமாகத் தோன்றியது. பெண்களின் வாயைப் பெண்களே பொத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அம்மாவின் மௌனத்தை உடைப்பதே அம்மாவுக்குச் செய்யும் நீதி என்று நம்பினேன். மேடைகளில் அந்தக் கவிதையைத்தான் படிக்கச் சொல்வார்கள். படித்தேன். பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை. கவிதையால் அவர்களுக்குக் கிடைத்ததும் பொய்யில்லை.

புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படிப்பாள். படித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, வழக்கமாக என் புத்தகங்களை வைக்கும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அது இல்லை. பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில், துணியில் சுற்றி இருந்தது.

"எழுதிராத" என்பது இலக்கணப்படி எதிர்மறை ஏவல். அம்மா என்பவள் எனக்கு மேலே இருப்பவள். ஆனால் அந்த மழை நாளில் எங்களுக்குள் மேலே இருந்தது யார்? பேனா என் கையில். மேடை என் கையில். நான் எழுதினால் தடுக்க அவளிடம் எதுவும் இல்லை. தன்னிடம் இருந்த ஒன்றை என்னை நம்பிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு உச்சியை விட்டுவைக்கக் கேட்டாள். அது வேண்டுதல். நான் அதை ஏவலாகக் கேட்டேன், ஏனென்றால் ஏவலை மீறித்தான் எனக்குப் பழக்கம். மீறிய இடத்தில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது.

மௌனத்தை உடைக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் கதையைத் தானே எழுதும் பெண்ணை யாரும் தடுக்கக்கூடாது. தடுத்தவரின் அந்தஸ்து உயர்ந்ததோ தாழ்ந்ததோ, அவள் எழுதவேண்டும். நான் எழுதியது என் கதையை இல்லை. ஒடுக்கப்பட்டவர்களாகிய நமக்கு, நாம் எப்போதும் கீழேயே இருக்கிறோம் என்ற எண்ணம் ஒரு வசதி. அந்த வசதியில்தான் நமக்கும் கீழே நின்று ஒருத்தி கேட்பது நம் காதில் அதட்டலாக விழுகிறது.

ஆஸ்திரேலியாவின் நடுவே உலுரு என்ற பெரும்பாறை இருக்கிறது. 1985-இல் அதை அனங்கு மக்களிடம் சட்டப்படி திருப்பிக் கொடுத்தார்கள். ஏறவேண்டாம் என்று அவர்கள் பல ஆண்டுகள் வேண்டுகோளாகவே கேட்டார்கள். பலர் கேட்டார்கள், பலர் கேட்கவில்லை. கடைசியில் 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை வந்தது. தடை வருகிறது என்று தெரிந்த மாதங்களில் ஏறுவோர் வரிசை இன்னும் நீண்டது. இப்போது யாரும் ஏறுவதில்லை. ஆனால் ஏறாமல் இருப்பதால் அவர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று இனி யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வாய்ப்புத் தீர்ந்துபோனது. ஙர்ரி முட்லனாவில் அது இன்னும் இருக்கிறது.

கணவாயில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் மகளிடம் போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. "நான் போகல. நீ போறதுன்னா நான் இங்கயே இருக்கேன்" என்றேன். அவள் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உச்சிப் பாதையில் போனாள். இருபது நிமிடமோ அரை மணி நேரமோ கழித்துத் திரும்பி வந்தாள். உச்சிக்குப் போய்வர அந்த நேரம் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவரை போனாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பையிலிருந்த முறுக்கை எடுத்து இரண்டு பேரும் தின்றோம். கீழே மலைச்சுவர்கள் வட்டமாகச் சூழ்ந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, நீரில்லாத ஓடை எங்கெல்லாம் போகிறது என்பதை மரங்களின் பச்சை வரிசை காட்டிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பிய சில மாதங்களில் என் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று பதிப்பாளர் கேட்டார். அவர் அனுப்பிய பட்டியலில் முதலில் அந்தக் கவிதை இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். "அதுதானேங்க உங்க பெஸ்ட்?" என்றார். இருக்கலாம். பழைய தொகுப்பு விற்றுப்போய்க் கைகளில் இருக்கிறது. அதை நான் திரும்பப் பெற முடியாது. ஏறியதை ஏறாததாக ஆக்கவும் முடியாது. அந்தக் கவிதையில் என்ன இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் நான் சொல்லாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அன்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, புதுப் புத்தகத்துல அத எடுத்துட்டேன்."

"எத?" என்றாள்.

நான் சும்மா இருந்தேன். அவளும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, சாப்ட்டியா?" என்றாள்.